சளிக்குக் கைவைத்தியம்: எந்த நாளில் எது, எவ்வளவு, எப்படி

வீட்டில் ஒருவர் நாலு தும்மல் போட்டால் போதும். துளசி, இஞ்சி, மிளகு, மஞ்சள், வெற்றிலை, ஓமம் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் ஒரே பாத்திரத்தில் விழுந்து கொதிக்க ஆரம்பித்துவிடும். அன்றைக்கு அவருக்கு இருப்பது மூக்கு ஒழுகல் மட்டும்தான். கஷாயமோ கோழை கரைக்க, இருமல் அடக்க, காய்ச்சல் தணிக்க என்று எல்லா வேலைக்கும் சேர்த்துப் போட்டது. குடித்து முடித்தால் சளி அப்படியே இருக்கும், நெஞ்செரிச்சல் புதிதாகச் சேர்ந்திருக்கும்.

கைவைத்தியத்தில் சரக்கைவிட நேரமும் அளவும்தான் பெரிது. சளி தினமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. முதல் ஓரிரு நாள் தொண்டை அரிப்பும் தண்ணீராக ஒழுகும் மூக்கும். மூன்றாம் நாள் வாக்கில் உச்சம்: சளி கெட்டியாகி மூக்கு அடைக்கும், தலை பாரமாகும். அதன்பின் மூக்கு விடத் தொடங்கும், இருமல் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் அடங்கிவிடும். இருமல் மட்டும் 2, 3 வாரம் வரை இழுக்கலாம். இன்று எது தொந்தரவோ அதற்கு ஒன்றோ இரண்டோ போதும்.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். சாதாரணச் சளிக்குக் காரணம் வைரஸ்; 200க்கும் மேற்பட்ட வகை உண்டு, அதில் ரைனோவைரஸ்தான் அதிகம். அதை ஒழித்துக்கட்டும் மூலிகை என்று நிரூபணமான ஒன்று இல்லை. ஆன்டிபயாடிக் மாத்திரையும் வைரஸை ஒன்றும் செய்யாது. மூலிகைகள் செய்வது வேறு வேலை: தொண்டையை ஆற்றும், அடைப்பை இளக்கும், இருமலைத் தணிக்கும், இரவில் தூங்க வைக்கும். சளி பிடித்தவருக்கு அந்த ஒரு வாரத்தில் வேண்டியதும் அதுதான்.

கொதிக்க விடுவதா, ஊற விடுவதா?

வீட்டுக் கஷாயம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம் போன்ற காய்ந்த, கெட்டியான சரக்குகளில் சத்து உள்ளே இறுகிக் கிடக்கும். இவற்றை ஒன்றிரண்டாகத் தட்டி, சிறு தீயில், திறந்த பாத்திரத்தில் நேரம் எடுத்துச் சுண்ட வைக்க வேண்டும்.

துளசி, கற்பூரவல்லி, புதினா போன்ற வாசனை இலைகள் இதற்கு நேர்மாறு. அவற்றின் குணம் அந்த வாசனை எண்ணெயில் இருக்கிறது. கால் மணி நேரம் திறந்து வைத்துக் கொதிக்க விட்டால் எண்ணெய் முழுக்க ஆவியாகிப் போய், சமையலறை மணக்கும். டம்ளரில் பச்சைத் தண்ணீர்தான் மிஞ்சும். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, இலையைக் கிள்ளிப் போட்டு, தட்டுப் போட்டு மூடி 8 முதல் 10 நிமிடம் விடுங்கள். மூடியைத் திறக்கும்போது உள்பக்கம் கோத்திருக்கும் துளிகளைப் பாத்திரத்துக்குள்ளேயே வடிய விடுங்கள்; வாசனையில் ஒரு பங்கு அதில் இருக்கிறது.

இரண்டு வகையும் சேர்த்துப் போடுவதானால் முதலில் சரக்கைச் சுண்ட வைத்து, அடுப்பை அணைத்தபின் இலை. பாத்திரம் எவர்சில்வரோ மண்சட்டியோ எதுவானாலும் சரி. புளி, எலுமிச்சை சேர்வதை அலுமினியத்தில் வைக்காதீர்கள்.

காய்ச்சிய கஷாயத்தை காலையில் போட்டு பிளாஸ்கில் ஊற்றி ராத்திரி வரை குடிப்பது சரியல்ல. சித்த மருத்துவத்தில் குடிநீர் என்று பெயர் வைத்திருக்கும் கஷாயத்துக்குச் சொல்லும் ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். அதற்குமேல் புளிப்பும் காரலும் ஏறும். சிறுகச் சிறுகப் போட்டுக்கொள்வதே வழி.

முதல் இரண்டு நாள்: தொண்டை அரிப்பு, தும்மல், ஒழுகும் மூக்கு

தொண்டை கரகரத்தவுடன் முதலில் உப்புத் தண்ணீர். ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு. தலையை அண்ணாந்து, 'ஆ' என்று சத்தம் வர 15 விநாடி கொப்பளித்துத் துப்பவும். ஒரு டம்ளர் தீரும்வரை, நாளைக்கு 3 வேளை. சிலர் சீக்கிரம் கேட்கட்டும் என்று ஒரு ஸ்பூன் உப்பை அள்ளிப் போடுவார்கள். அது புண்பட்ட தொண்டையை மேலும் வறட்டும். மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை சேர்க்கலாம், அதற்குமேல் வேண்டாம்.

வெளியே இருக்கும்போது அதிமதுரக் குச்சியில் ஓர் அங்குலத் துண்டு வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். தித்திப்பு மெல்ல இறங்கி தொண்டையில் ஒரு பூச்சு போல நிற்கும். காரம் தாங்குபவர்கள் சித்தரத்தையில் மிளகளவு துண்டு வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் மென்று தின்ன வேண்டாம், சாற்றை மட்டும் விழுங்கி, நார் மிஞ்சியதும் துப்பிவிடுங்கள்.

குடிப்பதற்கு இந்தக் கட்டத்தில் சுக்குமல்லிக் காபியை மிஞ்சியது இல்லை. கடையில் கிடைக்கும் பொட்டலங்களில் பாதிக்கு மேல் சர்க்கரையாக இருக்கும் வகைகள் உண்டு. பின்பக்கம் படித்துப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் அரைப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. அளவு:

சுக்கு 50 கிராம்
கொத்தமல்லி விதை 100 கிராம்
மிளகு 10 கிராம்
திப்பிலி 5 கிராம் (பிள்ளைகளும் குடிப்பதானால் விட்டுவிடலாம்)
ஏலக்காய் 5

சுக்கு வாங்கும்போது மாவு பூசினாற்போல வெள்ளையாக இருப்பதைத் தவிர்க்கவும். அது பூச்சி அரிக்காமல் இருக்கச் சுண்ணாம்பில் புரட்டியது. மங்கலான மண்நிறத்தில், உடைத்தால் 'டக்'கென்று ஒடிந்து உள்ளே நார் தெரிவதுதான் நல்ல சுக்கு. வளைந்துகொடுத்தால் ஈரம் போகவில்லை என்று பொருள், அரைத்த பொடி பூசணம் பிடிக்கும். இஞ்சிக்கும் சுக்குக்கும் தோல் ஆகாது என்பது பழைய விதி. கத்தியின் பின்புறத்தால் சுரண்டிவிடுங்கள், மண்ணும் சுண்ணாம்பும் அதோடு போய்விடும்.

சுக்கை முழுசாக மிக்ஸியில் போட்டால் பிளேடு மழுங்கும். முதலில் உரலில் இடித்தோ, துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டியோ சிறு துண்டாக்குங்கள். கொத்தமல்லியைச் சிறு தீயில் வறுக்கவும். வாசம் கிளம்பி, ஒரு விதையை நசுக்கினால் மொறுக்கென்று உடைந்தால் போதும். கருக விட்டால் காபி முழுவதும் கசக்கும். அந்தச் சட்டியின் சூட்டிலேயே மிளகு, திப்பிலி, ஏலக்காயைப் போட்டுப் புரட்டி எடுத்தால் சரி. எல்லாம் ஆறியபின் அரைத்து, சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் சுக்கு நாரை எறிந்துவிடுங்கள். நார் பொடியோடு கலந்தால் குடிக்கும்போது தொண்டையில் குத்தி, இருமல் இல்லாதவருக்கும் இருமல் வரும். காற்றுப் புகாத பாட்டிலில் 3 மாதம் வரை வாசம் குன்றாமல் இருக்கும்.

ஒரு ஆளுக்கு ஒன்றேகால் டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பொடி, 5 நிமிடம் கொதி. கருப்பட்டியைத் தனியாகக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டிச் சேர்க்கவும். நேரடியாகத் தட்டிப் போட்டால் டம்ளரின் அடியில் மண் நிற்கும். பால் சேர்க்காமல் குடிப்பதே வழக்கம். நாளைக்கு 2 டம்ளருக்கு மேல் போக வேண்டாம். 'சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை' என்று சொன்னவர்களும் அதை வெறும் வயிற்றில் நாலு வேளை குடிக்கச் சொல்லவில்லை. அல்சர், எதுக்களிப்பு உள்ளவர்கள் சாப்பிட்டபின் அரை டம்ளரோடு நிறுத்துங்கள்.

பச்சை இஞ்சிதான் இருக்கிறது என்றால் ஓர் அங்குலத் துண்டைத் தோல் சீவித் துருவிப் பிழிந்து, சாற்றை 10 நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளையாக ஒன்று படியும். அதை நஞ்சு என்பார்கள்; உண்மையில் இஞ்சியின் மாவுச்சத்து. தொண்டையில் கரகரவென்று நிற்கும் என்பதால் மேலே தெளிந்ததை மட்டும் வடித்துக்கொள்வது நல்லதுதான். ஒரு டீஸ்பூன் தெளிவுக்கு ஒரு டீஸ்பூன் தேன்.

மூக்கடைத்து, தலை பாரமாக இருக்கும்போது

ஆவி பிடிப்பதற்கு, ஊர்ப்பேச்சில் வேது பிடிப்பதற்கு, நொச்சி இலைக்கு இணையானது இல்லை. கிடைக்காத ஊரில் யூகலிப்டஸ் இலை; அதுவும் இல்லையென்றால் வெறும் வெந்நீர். ஆச்சரியம் வேண்டாம், வேலையில் பெரும்பகுதியைச் செய்வது சூடான ஈரக் காற்றுதான். கெட்டிச் சளி இளகி, மூச்சு கொஞ்ச நேரம் தாராளமாகும். வைரஸ் ஆவியில் வெந்துபோகும் என்பது வெறும் கதை.

அகன்ற, அடி தட்டையான பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீர். கொதி வந்ததும் ஒரு கைப்பிடி நொச்சி இலையும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டு மூடி, அடுப்பை அணைத்துவிடவும். பாத்திரத்தை ஆடாத மேசையிலோ தரையில் கனத்த துணி விரித்து அதன் மேலோ வைத்து, மூடியைத் திறந்து 2 நிமிடம் விடுங்கள். முதல் ஆவிதான் முகத்தைச் சுடும். பிறகு துண்டைப் போர்த்தி, கண்ணை மூடி, முகத்துக்கும் தண்ணீருக்கும் ஒரு அடி இடைவெளி விட்டு, மூக்கால் இழுத்து வாயால் விடவும். 5 நிமிடம் தாராளம், 10க்கு மேல் வேண்டாம். காலை ஒரு தடவை, படுக்குமுன் ஒரு தடவை. முடிந்ததும் வியர்வையைத் துடைத்து, மூக்கை ஒவ்வொரு துவாரமாக மெதுவாகச் சிந்துங்கள். இரண்டையும் அழுத்திச் சிந்தினால் காது அடைக்கும்.

ஆவி பிடிப்பதில் ஆகும் விபத்துகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே வகை: மடியில் வைத்த பாத்திரம் கவிழ்வது. அடுப்பு எரியும்போதே குனிவது, குக்கரின் விசிலைக் கழற்றிவிட்டு அதில் முகத்தைக் காட்டுவது இரண்டும் சுத்தப் பைத்தியக்காரத்தனம். தைலமோ பாமோ போடுவதானால் தைலம் 2 சொட்டு, பாம் பட்டாணி அளவு. அதிகமானால் கண் எரியும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு இறுகும். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த முறையே வேண்டாம். ஒரு பாத்திர வெந்நீர் கவிழ்ந்தால் ஆகும் புண்ணுக்கு முன்னால் மூக்கடைப்பு ஒன்றுமே இல்லை.

விரலி மஞ்சளை விளக்கில் சுட்டு அந்தப் புகையை உறிஞ்சுகிற வழக்கமும் உண்டு. கண்ணில் தண்ணீர் வருவதால் மூக்கு திறந்தாற்போலத் தோன்றும். ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூக்குச் சவ்வுக்குப் புகை நல்லதில்லை, விட்டுவிடலாம்.

தலைபாரத்துக்குச் சுக்குப் பற்று. சந்தனக் கல்லில் சில சொட்டு வெந்நீர் விட்டு, தோல் சீவிய சுக்கை இழையுங்கள். குழம்பு பதத்தில் வந்ததும் நெற்றியிலும் கன்னப்பொட்டிலும் மெல்லிசாகப் பூசுங்கள். சுள்ளென்று எரியும், அதுதான் அதன் வேலை. புருவத்துக்குக் கீழே வழிய விடாதீர்கள், அந்தக் கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். காய்ந்து இறுகத் தொடங்கும்போதே, 15 நிமிடத்தில், நனைத்த துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க விட்டுவிட்டால் காலையில் நெற்றி சிவந்து தோல் உரியும். எரிச்சல் தாங்காதவர்களுக்கு நொச்சி இலையைத் துணிப்பையில் அடைத்துத் தலையணையாக வைப்பது சுகம்.

மூலிகை இல்லாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் மூக்கடைப்புக்கு இது பல மூலிகைகளைவிட நன்றாகக் கேட்கும். கொதித்து ஆறிய 250 மில்லி நீரில் அரை டீஸ்பூன் கல்லுப்பைக் கரைத்து வடிகட்டி, சொட்டு மருந்துக் குப்பியால் ஒவ்வொரு மூக்கிலும் 2, 3 சொட்டு. குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடக்கூடாது. அரிதாக அதில் இருக்கும் அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகும். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

இருமல் கட்டம்

வறட்டு இருமலா, கோழை வரும் இருமலா என்று முதலில் பிரியுங்கள். வறட்டு இருமலுக்கு ஆற்ற வேண்டும், கோழைக்கு இளக்க வேண்டும். வறட்டு இருமல்காரருக்கு மிளகும் திப்பிலியுமாகக் கொடுத்தால் தொண்டை இன்னும் காய்ந்து, இருமல் இரவெல்லாம் நிற்காது.

வறட்டு இருமலுக்குத் தேன். கைவைத்தியங்களில் ஆய்வுகளின் ஆதரவு ஓரளவு நன்றாகவே உள்ளது இதற்குத்தான், குறிப்பாகப் பிள்ளைகளின் இரவு இருமலுக்கு. படுக்குமுன் 1 முதல் 5 வயதுக்கு அரை டீஸ்பூன், 6 முதல் 11 வயதுக்கு ஒன்று, அதற்கு மேல் இரண்டு. விழுங்கியபின் உடனே தண்ணீர் குடித்தால் பூச்சு கழுவிப் போய்விடும். கால் மணி நேரம் பொறுக்கவும்.

ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனைத் தொட்டு நாக்கில் வைக்கவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து அந்தச் சின்னக் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து, உடலைத் துவளச் செய்யும். இதற்குச் சுத்தமான மலைத்தேனும் விதிவிலக்கில்லை, காய்ச்சிய தேனும் விதிவிலக்கில்லை.

மஞ்சள் பாலுக்கு 150 மில்லி பாலில் கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், தட்டிய மிளகு 3. மஞ்சளைப் பாலோடு சேர்த்தே 2, 3 நிமிடம் கொதிக்க விட்டால்தான் பச்சை வாடை போகும். இறக்கியபின் தூவினால் மண் வாசம் அடிக்கும். இனிப்புக்குப் பனங்கற்கண்டு. கருப்பட்டிதான் என்றால் பாலை இறக்கிச் சற்று ஆற விட்டுச் சேருங்கள், கொதிக்கும் பாலில் போட்டால் திரிந்துவிடும். கஸ்தூரி மஞ்சள் பூசுவதற்கு, குடிப்பதற்கல்ல. பால் குடித்தால் சளி கூடும் என்ற பயம் பலருக்கு உண்டு. பால் உமிழ்நீரோடு கலந்து தொண்டையில் கொஞ்சம் கெட்டியாகத் தோன்றும், அவ்வளவுதான். சளி சுரப்பதை அது கூட்டுவதில்லை.

கோழைக்கு வரிசையாக மூன்று.

முதலாவது கற்பூரவல்லி, சில ஊரில் ஓமவல்லி. தடித்த, ரோமம் படர்ந்த இலை. நல்ல இலையாக 5 எடுத்துக் கழுவித் துடைத்து, காய்ந்த தோசைக்கல்லில் இருபுறமும் வாட்டுங்கள். பச்சை நிறம் மங்கி, இலை துவண்டு, ஓரத்தில் ஈரம் கசியும்போது எடுத்து உள்ளங்கையில் வைத்து முறுக்கிப் பிழியுங்கள். வாட்டாத இலையைக் கசக்கினால் சாறும் வராது, வந்த சாறு தொண்டையில் காரமாக அறுக்கும். 5 இலைக்கு ஏறத்தாழ ஒரு டீஸ்பூன் கிடைக்கும். அதோடு அரை டீஸ்பூன் தேன், பெரியவர்களுக்கு நாளைக்கு இரண்டு வேளை. 3 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குச் சாறு கால் டீஸ்பூன் போதும். கற்பூரவல்லி பஜ்ஜி போட்டுக் கொடுத்தால் சளி போகும் என்று ஒரு நம்பிக்கை. பஜ்ஜி தட்டு காலியாகும், சளி இருந்த இடத்தில் இருக்கும்.

இரண்டாவது ஆடாதோடை. ஆடு தொடாத இலை என்ற பெயர்க் காரணம் நாக்கில் வைத்தால் விளங்கிவிடும், அப்படி ஒரு கசப்பு. இதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் இருமல் மருந்துகளில் வரும் புரோம்ஹெக்சின் உருவானது. முற்றிய இலை 3, நடு நரம்பை நீக்கிக் கிழித்து, 2 டம்ளர் தண்ணீரில் போட்டு, சிறு தீயில் அரை டம்ளராகும்வரை சுண்ட வைக்கவும். காலையில் இதில் பாதி, மாலையில் மறுபடி புதிதாகப் போட்டு அதில் பாதி, தேன் கலந்து. 3 நாள் முதல் 5 நாள் போதும். 'ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்' என்று சொல்வது கோழை கட்டிக் கரகரத்த குரலுக்கு. கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. கருப்பையைச் சுருங்க வைக்கும் குணம் இதற்கு உண்டு.

மூன்றாவது தூதுவளை. இதை மருந்தாக நினைக்காமல் சாப்பாடாகவே வைத்துக்கொள்ளலாம். வேலை எல்லாம் முள்ளில்தான். இலையின் மேற்பக்கம் பார்த்தால் சாதுவாக இருக்கும்; திருப்பினால் நடு நரம்பில் பூனை நகம் போலக் கொக்கியாக வளைந்த முட்கள். காம்பைப் பிடித்து, இலையைக் குப்புற வைத்து, நுனியிலிருந்து காம்பு நோக்கி நரம்பைச் சிறு கத்தரியால் கத்தரித்துவிடுங்கள். கொழுந்தில் முள் மென்மையாக இருப்பதால் அப்படியே போடலாம்.

இலை ஒரு கைப்பிடி. ஒரு டீஸ்பூன் நெய்யில், நிறம் கறுத்துச் சுருளும்வரை வதக்குங்கள். இதை அவசரப்பட்டு எடுத்தால் விட்டுப்போன முள் மசியாமல் நாக்கில் குத்தும், ரசமும் பச்சை வாடை அடிக்கும். ஆறியதும் மிளகு ஒரு டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், பூண்டு 4 பல்லோடு நன்றாக விழுதாக அரைக்கவும். நெல்லிக்காய் அளவு புளியை இரண்டரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, தக்காளி ஒன்றைப் பிசைந்து, உப்பு, மஞ்சள் சேர்த்துப் புளி வாசம் போகக் கொதிக்க விடுங்கள். பிறகு விழுதைக் கலந்து, விளிம்பில் நுரை கட்டி நடுவை நோக்கி வரும்போது இறக்கிவிட வேண்டும். பொங்கிக் கொதித்தால் மிளகின் வாசம் போய்க் கசப்பு மேலே வந்துவிடும். கடுகு, கறிவேப்பிலை தாளித்து, சூடாக ஒரு டம்ளர் குடித்துவிட்டு மிச்சத்தைக் குழைந்த சாதத்தில் விட்டுச் சாப்பிடுங்கள்.

மிளகு வாங்கும்போது ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பப்பாளி விதை கலந்திருந்தால் மிதக்கும், நல்ல மிளகு பெரும்பாலும் மூழ்கும்.

மார்புச் சளிக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கு 2 மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயைச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, எட்ட எடுத்து வைத்தபின் மிளகளவு கற்பூரம். எரியும் அடுப்பில் கற்பூரம் போட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். பெரியவர்களுக்கு மட்டும், மார்பிலும் முதுகிலும், மூக்குக்குள் அல்ல.

கடையில் வாங்கும் சூரணங்கள்

திரிகடுகு என்பது சுக்கு, மிளகு, திப்பிலி சம அளவு. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்குக் கால் டீஸ்பூனுக்கும் குறைவு, தேனில் குழைத்து, சாப்பிட்டபின். கபசுரக் குடிநீர்ச் சூரணம் 15 சரக்கு சேர்ந்தது. 2020இல் தெருத்தெருவாகக் கொடுத்ததில் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. 5 கிராம், அதாவது குவித்த டீஸ்பூன் ஒன்று, 240 மில்லி நீரில் போட்டு 60 மில்லியாகச் சுண்ட வைத்து வடிகட்ட வேண்டும். பலர் கலக்கி ஒரு கொதி விட்டுக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள். கெட்டிச் சரக்கு அதில் இறங்கவே இல்லை. மாதக்கணக்கில் தினமும் குடிக்கிற பானமும் இல்லை இது. நிலவேம்புக் குடிநீர் காய்ச்சலுக்கானது, வெறும் மூக்கு ஒழுகலுக்கு அந்தக் கசப்பைக் குடித்துத் தண்டனை அனுபவிக்க வேண்டாம்.

பொட்டலத்தில் தயாரித்த தேதியும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். சூரணத்துக்குப் பழைய கணக்கில் ஆயுள் 3 மாதம். பிரித்த பொட்டலத்தை அந்தக் கணக்கில் வைத்துக்கொள்வது பத்திரம்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில்

தாய்ப்பாலும் உப்புநீர்ச் சொட்டும் போதும். மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது, கற்பூர எண்ணெயை மூக்கருகில் தடவுவது மூன்றையும் நிறுத்திவிடுங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா போன்ற வியாதி வரும். கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் சிறு பிள்ளைகள் வயிற்றுக்குள் போனால் கொஞ்சமானாலும் வலிப்பு வரலாம். 2 வயதுவரை மேலே தடவுவதும் கூடாது, பாட்டிலைக் கைக்கெட்டாமல் வையுங்கள். சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தைச் சளி தீரும்வரையாவது தள்ளிவையுங்கள். பெரியவர்கள் மனசு கேட்காமல் ஏதாவது செய்தாக வேண்டும் என்றால், வெற்றிலையில் தேங்காயெண்ணெய் தடவி, அனலில் காட்டி, உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுக் குழந்தையின் மார்பில் 2 நிமிடம். சுடுகிற இலையை வைத்தால் கொப்புளம் கண்டுவிடும்.

யார் எதைத் தவிர்க்க வேண்டும்?

இரத்தக் கொதிப்பு, இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதிமதுரம் ஆகாது. உடம்பில் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றும். மற்றவர்களும் ஒரு வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம், கர்ப்பிணிகளும் தவிர்க்கவும். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் சில மாத்திரைகள் இரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டிவிடும். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களும், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்றவை எடுப்பவர்களும் ரசத்து மிளகோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சூரணமும் கெட்டிக் கஷாயமும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான், தேனும் சர்க்கரைதான்.

வேறொன்று. காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், கண்ணும் மூக்கும் அரிப்பு, காய்ச்சல் இல்லை, வாரக்கணக்கில் இதே கதை என்றால் அது சளியே இல்லை, அலர்ஜி. மேலே சொன்ன எதுவும் அதைத் தீர்க்காது. தூசியையும் தலையணையையும் பாருங்கள்.

கஷாயத்தை இறக்கி வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, உதடு நீலம் பாரிப்பது, பிள்ளை மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது: இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் அந்த நிமிடமே. தூங்கும் குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள். 2 மாதம் நிரம்பாத குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40 என்ற எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு, சாதாரணச் சளி அல்ல. 3 மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே உடனே ஆஸ்பத்திரி. பெரியவர்களுக்குக் காய்ச்சல் 3 நாளைத் தாண்டினால், காது வலித்தால், 10 நாளாகியும் தணியாவிட்டால், அல்லது சரியாகி வந்த சளி திடீரென்று காய்ச்சலோடு திரும்பினால் காட்டிவிடுங்கள். சளிக்குப்பின் இருமல் இழுப்பது சகஜம்தான் என்றாலும், 2 வாரத்தைத் தாண்டினால் சளியை உமிழ்ந்து காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு இல்லை. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது மட்டும் பயப்படும் அறிகுறி இல்லை, மூன்றாம் நாளுக்கு மேல் அப்படித்தான் இருக்கும்.

தொட்டியில் இரண்டு செடி

கற்பூரவல்லியை விலைக்கு வாங்கத் தேவையில்லை. விரல் நீளக் கிளையை ஒடித்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு மண்ணில் குத்தினால் ஓரிரு வாரத்தில் வேர் விடும். தண்ணீர் கூடினால் தண்டு அழுகும், மேல்மண் காய்ந்தபின் ஊற்றுங்கள். வெயில் குறைந்தால் இலை பெரிதாகும், வாசம் குறையும்.

தூதுவளைக்குக் கொடி ஏறப் பந்தலோ கம்பியோ வேண்டும். பழுத்துச் சிவந்த காயிலிருந்து விதை எடுத்துப் போட்டாலும் வரும், தண்டை வெட்டி நட்டாலும் வரும். ஆள் நடமாடும் வழியில் மட்டும் வைக்காதீர்கள், புடவைத் தலைப்பைப் பிடித்தால் விடாது. கத்தரி இனம் என்பதால் மாவுப்பூச்சி பிடிக்கும். வேப்பெண்ணெய் தெளித்தால் ஒரு வாரம் கழித்து, நன்றாகக் கழுவிப் பறியுங்கள்.